'எழுதியாச்சு' என்றால் எழுதியாச்சா?

ராத்திரி பதினொன்றரைக்கு டேட்டாபேஸ் நின்றுபோகிறது. லாக் கோப்பைத் திறந்து பார்த்தால், இன்ன கோப்பை எஃப்சிங்க் செய்ய முடியவில்லை, இன்புட் அவுட்புட் எரர் என்று ஒரு வரி. அதற்கு முன்னால் 'பேனிக்' என்று கொட்டை எழுத்தில். பார்த்த மனுஷன் என்ன செய்வார்? ரீஸ்டார்ட் செய்வார். எழுந்து ஓடினால் "சரியாயிடுச்சுப்பா" என்று படுக்கப் போய்விடுவார். மறுநாளும் நின்றால் இணையத்தில் தேடுவார். எவரோ எப்போதோ சொன்ன வைத்தியம் கிடைக்கும். கான்ஃபிக் கோப்பில் எஃப்சிங்க் என்ற சொல்லுக்கு எதிரே 'ஆஃப்' என்று போட்டுவிடுவார். அதோடு எரர் வராது. கொல்லையில் பாம்பு தெரிந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பது மாதிரியான வைத்தியம்.

அந்த எரர் தொந்தரவு இல்லை, டேட்டாபேஸ் சொல்லக்கூடிய கடைசி உண்மை அதுதான் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. டாக்கர் மாதிரி அடுக்கடுக்கான ஃபைல் சிஸ்டத்தின் மேல் டேட்டாபேஸை உட்கார வைத்திருப்பவர்கள் அதை இன்னும் ஒரு மடங்கு அதிகமாக மதிக்க வேண்டும். லினக்ஸ் என்றதும் காமர்ஸ் வகுப்பில் பாதிப் பேர் பக்கத்தை மூடப் போவது தெரிந்ததே. கொஞ்சம் பொறுங்கள். இது முழுக்க முழுக்கக் கணக்குப் புத்தகம் பற்றிய சமாச்சாரம்.

ஒரு புரோகிராம் கோப்பில் எழுதினால் அது உடனே டிஸ்கில் போய் உட்காருவதில்லை. கெர்னல் அதை மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு "ஆச்சு" என்று சொல்லிவிடும். டிஸ்குக்கு அனுப்புவது அப்புறம்தான். யாரும் எதையும் மாற்றாத லினக்ஸில் அந்தப் பக்கம் 30 வினாடிவரை மெமரியிலேயே கிடக்கலாம். வங்கி வாசலில் இருக்கும் பெட்டியில் செக்கைப் போட்டுவிட்டு வருவது போல இது. போட்டது உண்மை. பணம் கணக்கில் ஏறிவிட்டது என்பது உண்மையா என்று இன்னும் தெரியாது. எஃப்சிங்க் என்பது கவுண்டரில் போய் நின்றுகொண்டு, "கிளியர் ஆச்சா இல்லையா, சொல்லும்வரை நகர மாட்டேன்" என்று அடம்பிடிப்பது.

டேட்டாபேஸ்கள் இந்தப் பதிலை நம்பித்தான் பிழைக்கின்றன. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலை நினைத்துப் பாருங்கள். நடவடிக்கை முதலில் குறிப்பேட்டில் ஏறும். பிறகு பேரேட்டில் எடுத்தெழுதப்படும். போஸ்ட்கிரெஸ் செய்வதும் அதையேதான். அதன் குறிப்பேட்டுக்குப் பெயர் வால் (பெயர்தான் வால், உண்மையில் தலையே அதுதான்). ஒரு பில் போட்டால் அந்த விவரம் வாலில் எழுதப்பட்டு, எஃப்சிங்க் கேட்டு, "ஆம்" என்று பதில் வந்த பிறகுதான் "கமிட் ஆச்சு" என்று கடைக்காரருக்குச் சொல்லும். பேரேடான உண்மையான டேபிள் கோப்புகளைச் சாவகாசமாகத் திருத்தும். வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை செக்பாயிண்ட் என்று ஒன்று நடக்கும். அப்போது பேரேட்டுக் கோப்புகள் எல்லாவற்றுக்கும் எஃப்சிங்க் கேட்டு, எல்லாம் "ஆம்" என்றால், இனி வேண்டாம் என்று குறிப்பேட்டின் பழைய பக்கங்களை விட்டுவிடும்.

குறிப்பேட்டைக் கிழிக்கும் தைரியம் அந்த ஒற்றைப் பதிலிலிருந்து வருகிறது. பதில் பொய்யாக இருந்தால்?

2018 மார்ச் கடைசியில் கிரெய்க் ரிங்கர் என்ற போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் கேட்டது இதைத்தான். ஸ்டோரேஜ் கோளாறு வந்த ஓர் இடத்தில் டேட்டா கெட்டுப்போனதைத் தோண்டிக்கொண்டு போனபோது அவர் பார்த்தது இது: எஃப்சிங்க் "இல்லை" என்றது. போஸ்ட்கிரெஸ் நல்ல பிள்ளையாக அந்த செக்பாயிண்டைக் கைவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி செக்பாயிண்ட், மறுபடி எஃப்சிங்க். இந்த முறை "ஆம்". குறிப்பேடு கிழிந்தது. ஆனால் முதல் தடவை எழுதத் தவறிய பக்கங்கள் டிஸ்குக்குப் போகவே இல்லை.

இரண்டாவது தடவை ஏன் "ஆம்" வந்தது? எழுதத் தவறிய பக்கத்தை லினக்ஸ் "எழுத வேண்டியது" பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. எடுத்துவிட்டால் அடுத்த தடவை கேட்கும்போது நிலுவையில் ஒன்றும் இல்லை, ஆகவே "எல்லாம் முடிந்தது". திரும்பி வந்த செக்கைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாள் கேட்டால் "உங்கள் செக் எதுவும் பாக்கி இல்லையே சார்" என்று சொல்வதற்குச் சமம். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

போஸ்ட்கிரெஸ் கிட்டத்தட்ட 20 வருஷமாக எஃப்சிங்கைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தது என்று அப்புறம் அவர்களே மேடை போட்டுப் பேசினார்கள். யாரும் மூடி மறைக்கவில்லை. அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம்.

கெர்னல்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பென் டிரைவில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பிடுங்கிக்கொண்டு போய்விட்டால், அந்தப் பக்கங்களை எத்தனை நாள் மெமரியில் வைத்துக் காப்பது? வைத்துக்கொண்டே இருந்தால் மெமரி நிரம்பி மொத்த மெஷினும் படுத்துவிடும். அதனால் தூக்கி எறிகிறார்கள். சரி, எறியுங்கள், ஆனால் எறிந்ததைக் கேட்கிற எல்லோருக்கும் சொல்ல வேண்டாமா? அதிலும் பழைய லினக்ஸில் ஒரு கூத்து இருந்தது. எரர் என்ற குறிப்பு ஒரே ஒரு சீட்டு. ஒரு கோப்பை நான்கு புரோகிராம்கள் திறந்து வைத்திருந்தால், முதலில் கவுண்டருக்கு வந்தவர் கையில் அந்தச் சீட்டு போய்விடும். மற்ற மூவருக்கும் "எல்லாம் நலம்". 2017இல் வந்த 4.13 கெர்னலில் ஜெஃப் லேட்டன் இதைத் திருத்தினார். தவறு நடந்த நேரத்தில் கோப்பைத் திறந்து வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒருமுறை சொல்லப்படும் என்று ஆனது. யாருமே வாங்காத சீட்டு, பிறகு புதிதாகத் திறப்பவருக்குக் கிடைக்கும்படி 2018இல் இன்னொரு திருத்தம். ஆனால் "ஒருமுறை" என்பது மட்டும் மாறவில்லை.

ஒருமுறைதான் சொல்வார்கள் என்றால் அந்த ஒருமுறையிலேயே நின்றுவிட வேண்டும். 2019 பிப்ரவரியில் வந்த போஸ்ட்கிரெஸ் 11.2 அதைத்தான் செய்தது. எஃப்சிங்க் தோற்றால் மறுபடி கேட்காதே, அங்கேயே விழுந்துவிடு, எழுந்ததும் குறிப்பேட்டைப் பார்த்துப் பேரேட்டை மறுபடி எழுது. ராத்திரி பதினொன்றரைக்கு நின்றுபோன அந்த டேட்டாபேஸ் கெட்டுப்போய் நிற்கவில்லை. கெடக்கூடாது என்று நின்றது.

இனி அடுக்குகளுக்கு வருவோம்.

டாக்கர் கன்டெய்னருக்குள் தெரியும் ஃபைல் சிஸ்டம் பெரும்பாலும் ஓவர்லே என்ற ஏற்பாடு. 2014 டிசம்பரில் வந்த 3.18 கெர்னலிலிருந்து லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. கீழே, எழுத முடியாத அடுக்குகள். அவை இமேஜோடு வந்தவை. மேலே, எழுதக்கூடிய ஓர் அடுக்கு. அச்சிட்ட புத்தகத்தின் மேல் டிரேசிங் பேப்பரை வைத்துத் திருத்தம் எழுதுவது மாதிரி. பார்ப்பவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே பக்கமாகத் தெரியும். லைவ் யூஎஸ்பியில் லினக்ஸ் ஓட்டுவதும் இதே வித்தைதான்.

இங்கே எஃப்சிங்க் கேட்டால் ஓவர்லே ஒரு தரகர் மாதிரி அதைக் கீழே இருக்கும் உண்மையான ஃபைல் சிஸ்டத்துக்குக் கடத்துகிறது. அதற்கென்று சொந்தமாக டிஸ்க் கிடையாது. ஆகவே கன்டெய்னருக்குள் வரும் எரருக்குக் கன்டெய்னருக்குள் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. வெளியே, ஹோஸ்ட் மெஷினின் கெர்னல் லாக்கில்தான் இருக்கும். இது தெரியாமல் இமேஜை மாற்றி, வெர்ஷனை மாற்றி, கடைசியில் விதியை நொந்துகொள்பவர்கள் ஏராளம்.

எரர் வருவதாவது பரவாயில்லை. எரரே வராத கேஸ்கள்தான் பயங்கரம். லைவ் யூஎஸ்பியில் சேமிப்புப் பகுதி ஏற்படுத்தாமல் ஓட்டினால் மேல் அடுக்கு இருப்பது ராமில். ராமில் இருக்கும் ஃபைல் சிஸ்டத்திடம் எஃப்சிங்க் கேட்டால் ஒன்றுமே செய்யாமல் "ஆம்" என்று சொல்லும். அதன் வரையில் அது சரிதான், அனுப்ப டிஸ்கே இல்லையே! டேட்டாபேஸ் சந்தோஷமாக கமிட் மேல் கமிட் போடும். மெஷினை அணைத்தால் எல்லாம் போச்சு. கன்டெய்னரிலும் அப்படியே. மேல் அடுக்கு உண்மையான டிஸ்கில் இருந்தாலும், கன்டெய்னரை நீக்கும்போது அதுவும் கூடவே போகும். ஒவ்வொரு எஃப்சிங்கும் வென்றிருக்கும், கணக்கு மட்டும் இருக்காது.

இன்னொன்று. கீழ் அடுக்கில் இருக்கும் கோப்பில் ஒரே ஒரு எழுத்தை மாற்ற நினைத்துத் திறந்தாலும், ஓவர்லே முழுக் கோப்பையும் மேல் அடுக்குக்கு நகல் எடுக்கும். இமேஜுக்குள்ளேயே 2 ஜிபி எஸ்க்யூலைட் கோப்பைத் திணித்து அனுப்பும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். அதில் ஒரு வரியைச் சேர்த்தால் மேலே இன்னொரு 2 ஜிபி. இடம் இல்லையென்றால் டேட்டாபேஸ் "டிஸ்க் நிரம்பிவிட்டது" என்கிறது. "ஒரு வரிக்கா?" என்று பயனர் விழிக்கிறார். அதே இமேஜிலிருந்து இரண்டு கன்டெய்னர்களைக் கிளப்பினால் இரண்டுக்கும் தனித்தனி மேல் அடுக்கு. இரண்டும் ஒரே கோப்பில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு நகலில் எழுதிக்கொண்டிருக்கும். இரண்டு கல்லாவில் இரண்டு பேரேடு, ஆனால் முதலாளி நினைப்பில் ஒன்று.

நகல் எடுப்பதற்கு முன்பே அந்தக் கோப்பைப் படிப்பதற்காக மட்டும் திறந்து வைத்திருந்த புரோகிராமின் கதை இன்னும் சோகம். 2018 அக்டோபரில் வந்த 4.19 கெர்னல்வரை அது கீழே இருக்கும் பழைய கோப்பையே படித்துக்கொண்டிருக்கும். மேலே எழுதுவது அதற்குத் தெரியாது. 4.19இல் சாதாரண வாசிப்பைத் திருத்திவிட்டார்கள். ஆனால் கோப்பை மெமரியோடு பிணைத்துப் படிக்கும் எம்மேப் முறையில் அந்தக் குறை இன்னும் இருக்கிறது. கெர்னல் ஆவணத்திலேயே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே டேட்டாபேஸை ஓவர்லேயின் மேல் அடுக்கில் வைக்கவே கூடாது, வால்யூம் என்று தனியாக வெளியே வைக்க வேண்டும். இது எல்லோரும் சொல்வதுதான், புதிதில்லை. ஆனால் வால்யூமில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்மையில் வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. போஸ்ட்கிரெஸின் டாக்கர் இமேஜில் 17ஆம் வெர்ஷன்வரை வால்யூம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது 'டேட்டா' என்ற உள் கோப்புறை. ஒருவர் அதற்கு ஒரு படி மேலே உள்ள கோப்புறையில் தன் வால்யூமை மாட்டினால், டாக்கர் 'டேட்டா'வுக்குப் பெயரில்லாத இன்னொரு வால்யூமைத் தானே உண்டாக்கிவிடும். கணக்கெல்லாம் அந்த அநாமதேயத்தில் சேரும். அவர் தினமும் பேக்கப் எடுக்கும் வால்யூம் காலியாக இருக்கும். 18ஆம் வெர்ஷனில் அந்த அறிவிப்பையே மேல் கோப்புறைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய பழக்கத்தில் மாட்டுபவர்கள் ஜாக்கிரதை. டேட்டா இருக்கும் பாதையைக் கொடுத்து 'ஃபைண்ட்மவுண்ட்' கட்டளையை '-டி' என்ற பெரிய எழுத்தோடு ஓட்டினால், அது எந்த ஃபைல் சிஸ்டத்தில் இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லும். 'ஓவர்லே' என்று வந்தால் அன்றைக்கே வீடு மாற்ற வேண்டும்.

"டெஸ்ட் டேட்டாபேஸ்தானே, எஃப்சிங்க் எதற்கு?" என்பவர்கள் கேட்பது நியாயம். தூக்கி எறியப்போகும் டேட்டாவுக்கு அது வீண்தான். அதற்காகவே 2020 டிசம்பரில் வந்த 5.10 கெர்னலில் ஓவர்லேக்கு 'வாலடைல்' என்று ஒரு வசதி கொடுத்தார்கள். போட்டால் சிங்க் எதையும் கீழே கடத்தாது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: அந்த நிலையில் கீழே ஒருமுறை எழுதத் தவறினால், அதன்பின் கேட்கும் ஒவ்வொரு சிங்குக்கும் எரர்தான் வரும், கடைசிவரை. போலி நம்பிக்கை வந்துவிடக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதாவது பத்திரமாக வைக்க வேண்டிய கணக்கில் எரரை ஒருமுறை சொல்லிவிட்டு மறந்துவிடுகிறது. குப்பைக்குப் போகும் கணக்கில் சாகும்வரை ஞாபகம் வைத்திருக்கிறது. :-)

சரி, எரர் வந்தேவிட்டது. என்ன செய்வது? முதலில் எதையும் ரீஸ்டார்ட் செய்யாமல் எண்ணைப் படிக்க வேண்டும். 5 என்றால் டிஸ்கோ, கேபிளோ, கீழே உள்ள ஏதோ ஒரு அடுக்கோ கைவிட்டிருக்கிறது. 28 என்றால் இடம் இல்லை. 30 என்றால் ஃபைல் சிஸ்டம் எழுத முடியாத நிலைக்குப் போய்விட்டது. இந்த 30 பெரும்பாலும் படத்தின் இரண்டாம் பாதி. முதல் பாதியில் வேறு ஏதோ அடிபட்டு, தன்னைக் காத்துக்கொள்ள ஃபைல் சிஸ்டம் கதவைச் சாத்தியிருக்கும். அந்த முதல் பாதி கெர்னல் லாக்கில் இருக்கும், 'டிமெசெக்' போட்டால் தெரியும். அந்த லாக்குக்கு இடம் கொஞ்சம்தான், புதிய வரிகள் வரவர பழையவை அழியும். அதனால் அதைத்தான் முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும். 22 வந்தால் டிஸ்கைச் சந்தேகிக்க வேண்டாம். விர்ச்சுவல் மெஷினின் பகிர்வுக் கோப்புறை போன்ற இடங்களில் கோப்புறைக்கே எஃப்சிங்க் கேட்டால் அந்தச் சேவையே இல்லை என்று மறுப்பார்கள். இடத்தை மாற்றினால் தீர்ந்தது.

28ஐக் கண்டதும் 'டிஎஃப்' போட்டுப் பார்த்து "பாதி காலியாத்தானே இருக்கு" என்று குழம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபைல் சிஸ்டத்துக்கும் கீழே இன்னொரு அடுக்கு இருக்கலாம். தின் புரொவிஷனிங் என்று, கையில் 100 ரூபாய் வைத்துக்கொண்டு நான்கு பேரிடம் தலைக்கு 100 இருக்கிறது என்று சொல்லும் ஏற்பாடு. நால்வரும் ஒரே நேரத்தில் கேட்டால் சாயம் வெளுக்கும். லினக்ஸில் அந்தப் பூல் நிரம்பினால், வழக்கமான அமைப்பில் 60 வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு எரர் கொடுக்கும். எழுதிய நேரத்தில் "ஆச்சு" என்று சொன்னது, ஒரு நிமிடம் கழித்து எஃப்சிங்கில் வெடிக்கும். இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் டேட்டாபேஸ் நின்ற நிலையிலேயே மொத்தக் கோப்புறையையும் வேறு டிஸ்குக்கு நகல் எடுத்துக்கொள்வது நல்லது. ரிப்பேர் செய்யும் ஆர்வத்தில் கெடுத்தவை, டிஸ்க் கெடுத்ததைவிடக் குறைவில்லை.

ரீஸ்டார்ட் விஷயத்துக்கு வருவோம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2020இல் ரெடிஸ், எல்எம்டிபி, லெவல் டிபி, எஸ்க்யூலைட், போஸ்ட்கிரெஸ் ஐந்தையும் எடுத்துக்கொண்டு, எஃப்சிங்கை வேண்டுமென்றே தோற்கடித்துப் பார்த்தார்கள். யாருடைய தற்காப்பும் முழுமையாக இல்லை. அதில் ஒரு காரணம் யோசிக்க வைப்பது: விழுந்து எழுந்த டேட்டாபேஸ் தன் கோப்பைப் படிக்கும்போது அதை டிஸ்கிலிருந்து படிக்காமல், கெர்னலின் மெமரியிலிருந்து படித்துவிடலாம். டிஸ்குக்குப் போகாத பக்கம் அங்கே புத்தம் புதிதாக, "எழுதப்பட்டது" என்ற முத்திரையோடு உட்கார்ந்திருக்கும். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டிலும் இப்படி. கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தால் இது மாறாது. கெர்னல் அதேதான், அதன் மெமரியும் அதேதான். மெஷினையே அணைத்து ஏற்றினால்தான் டிஸ்கில் என்ன இருக்கிறது என்ற நிஜம் தெரியும். அது தெரிவதற்கு முன்னால் நகல் எடுங்கள் என்று சொன்னதன் அர்த்தமும் இதுதான். மெமரியில் மட்டும் இருக்கும் நல்ல பக்கத்தை வெளியே எடுக்க அதுவே கடைசிச் சந்தர்ப்பம்.

"இத்தனை நேரம் கடையை மூடி வைக்க முடியுமா?" என்று கேட்கலாம். முடியாதுதான். பில் போடாத ஒரு மணி நேரத்தின் நஷ்டம் எவ்வளவு என்று கடைக்காரருக்குத் தெரியும். தெரிந்த நஷ்டம் அது. கையால் பில் எழுதி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். தொலைந்த பக்கத்தில் யார் யார் பாக்கி இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. பாக்கி வைத்தவருக்குத் தெரியும், அவர் வந்து சொல்ல மாட்டார்.

எல்லாம் முடிந்து டேட்டாபேஸ் எழுந்ததும் செக்சம் பார்த்துவிட்டு "ஒரு பக்கமும் கெடவில்லை" என்று நிம்மதி அடைவார்கள். போஸ்ட்கிரெஸ் 18இல் செக்சம் சொல்லாமலே ஆன் செய்யப்பட்டு வருகிறது, நல்ல விஷயம். ஆனால் அது கண்டுபிடிப்பது சிதைந்த பக்கத்தை. புதிய பக்கம் போய்ச் சேராமல் பழைய பக்கமே டிஸ்கில் இருந்தால், அந்தப் பழைய பக்கம் அழகாக, முழுசாக, சரியான செக்சமோடு இருக்கும். இருப்பாய்வில் தெரியாத பிழைகள் என்று தேர்வுக்குப் படித்தோமே, அதில் முதலில் வரும் விடு பிழை இதேதான். பற்றும் இல்லை, வரவும் இல்லை, இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். அதைப் பிடிக்க டேட்டாபேஸுக்குள் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. எரர் வந்த நேரத்துக்கு முந்தைய செக்பாயிண்டிலிருந்து எழுந்த நேரம்வரை போட்ட பில்களின் வரிசை எண்களை எடுத்துக்கொண்டு, காகித பில்லோடும் கல்லாவோடும் வங்கி ஸ்டேட்மென்டோடும் ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டும். ஒரு சாயங்கால வேலை. லினக்ஸ் தெரிந்தவரைவிட காமர்ஸ் படித்தவர் வேகமாகச் செய்வார்.